ஸ்லாட்டில் உட்கார்ந்தது, டிஸ்ப்ளே வரவில்லை: ஒரு மாங்கூழ் ஆலையின் ராம் வழக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே மூன்று டெஸ்க்டாப். சீசன் தொடங்கும் முன் மூன்றுக்கும் ராம், அதாவது மெமரி, கூட்டித் தர வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த வேலை. நான் போவதற்கு முன்பே முதலாளியின் அக்கா மகன் ஆன்லைனில் 4 ஜிபி டிடிஆர்3 (ராமில் ஒரு தலைமுறை) ஸ்டிக் இரண்டு வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தார். கடையில் கேட்கும் விலையில் பாதிகூட ஆகவில்லையாம்.

"ஸ்லாட்ல கரெக்டா உக்காருதுங்கண்ணா. ஃபேன் சுத்துது. டிஸ்ப்ளே மட்டும் வரல. ரெண்டு சிஸ்டத்துலயும் அதே கதை. ராம் டெட்டா, போர்டு டெட்டா?"

ராமும் சாகவில்லை, போர்டும் சாகவில்லை. அந்த ஸ்டிக் இரண்டும் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன, வேறோர் இடத்தில். நல்ல ராமை நல்ல போர்டு ஏன் ஏற்க மறுக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஆலையில் கிடைத்த விடை, பழைய சிஸ்டம் வைத்திருக்கும் பலருக்கும் பொருந்தும் என்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

இருந்த நிலை

மூன்றில் மூத்தது எடைமேடை அறையில் இருப்பது. இன்டெல் ஜி41 சிப்செட் போர்டு, கோர் 2 டுவோ இ7500 பிராசஸர், 2 ஜிபி டிடிஆர்3 ஒற்றை ஸ்டிக், விண்டோஸ் 7 32-பிட். ஜி41 சந்தைக்கு வந்தது 2008-இல். இதை இன்னுமா வைத்திருக்கிறார்கள் என்று சிரிப்பவர்கள் எடைமேடைத் தொழிலை அறியாதவர்கள். லாரி ஏறி நின்றதும் எடை காட்டும் இண்டிகேட்டர், ஒன்பது பின் சீரியல் கேபிள் வழியாகத்தான் இந்த சிஸ்டத்துக்கு எடையை அனுப்புகிறது. எடைச்சீட்டு மென்பொருளுக்கான லாக், அதாவது அது இல்லாமல் மென்பொருள் ஓடாத சின்னக் கட்டை, பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கிறது. அந்த லாக்குக்கு 32-பிட் டிரைவர் மட்டுமே உண்டு. மென்பொருள் செய்து கொடுத்தவர் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். போர்டை மாற்றினால் பின்னாலேயே இத்தனையையும் மாற்ற வேண்டும். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோடு வரைக்கும் வரிசை கட்டும் நாளில் எடைச்சீட்டு நின்றுபோனால் அந்த அறையில் உட்காரும் பையனின் பாடு என்ன ஆகும் என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த சிஸ்டம் அங்கேயே இருக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அது சரியென்றே பட்டது.

இரண்டாவது கணக்கு அறையில்: எச்81 போர்டு, கோர் ஐ3-4150, 4 ஜிபி டிடிஆர்3 ஒற்றை ஸ்டிக், விண்டோஸ் 10 64-பிட். டேலி, எக்செல், பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் மெமரி 90 சதவீதத்துக்கு மேல், கூடவே ஹார்டு டிஸ்க்கும் 100 சதவீதம். இடம் போதாமல் விண்டோஸ் மெமரியிலிருப்பதை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. ராம் கூட்டினால் பலன் தரும் சிஸ்டம் இப்படித்தான் இருக்கும். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் சிஸ்டம் மெதுவாக ஓடுகிறது என்றால் ராமுக்குக் காசு போடாதீர்கள், எஸ்எஸ்டி வாங்குங்கள்.

மூன்றாவது மேனேஜர் மேசையில், மானிட்டருக்குப் பின்னால் மாட்டிய சின்னப் பெட்டி. ஆறாம் தலைமுறை பிராசஸர் உள்ள ரீஃபர்பிஷ்டு பிராண்டட் மினி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் வருகிறேன்.

அந்த இரண்டு ஸ்டிக்

டிஸ்ப்ளே வராத சிஸ்டத்தில் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வெளியேற்றியது, ஸ்டிக்கின் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தது, ஸ்லாட்டில் பிரஷ் போட்டது, ஒரே ஒரு ஸ்டிக்கை வைத்து ஸ்லாட் மாற்றி மாற்றிப் பார்த்தது, போர்டின் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டியது. எடைமேடை அறை ரோட்டோரம் இருப்பதால் ஸ்லாட்டில் சிவப்புத் தூசி நிறைய இருந்தது. ஆனால் பழைய 2 ஜிபி ஸ்டிக்கை வைத்தால் அதே ஸ்லாட்டில் சிஸ்டம் எழுந்துகொண்டது. ஆக, ஸ்லாட் மேல் குற்றமில்லை.

அசெம்பிள்டு கேபினெட் பலவற்றில் இப்போது ஸ்பீக்கரே இருப்பதில்லை. அதனால் போர்டு என்ன முறையிடுகிறது என்று யாருக்கும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து ரூபாய் பஸ்ஸர் ஒன்றை நான் பையிலேயே வைத்திருப்பேன். ஜி41 போர்டில் அதை மாட்டிவிட்டுப் புது ஸ்டிக்கோடு ஆன் செய்ததும் விட்டுவிட்டு நீளமான பீப். போர்டு உயிரோடு இருக்கிறது, மெமரி கிடைக்கவில்லை என்கிறது. எச்81 போர்டும் அதே ராகம்தான்.

ஸ்டிக்கின் ஸ்டிக்கரில் கொள்ளளவு, டிடிஆர்3, 1600, பிசி3-12800, டெஸ்க்டாப் என்று இருந்தது. 12800 என்பது 1600-ஐ 8-ஆல் பெருக்கிய எண். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பதற்கான கணக்கு. அதுவும் சரி. பெயரும் சரி, வேகமும் சரி, 240 கால்களும் சரி, நடுவில் உள்ள வெட்டும் சரியான இடத்தில். ஆனால் நல்ல ஸ்டிக்கரில் இருக்க வேண்டிய ஒரு விவரம் இதில் இல்லை. 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 என்று ஒரு சின்ன எழுத்து வரிசை இருக்கும் (பொருள் பின்னால் வருகிறது). அது காணோம்.

சிப்புகளை எண்ணினேன். முன்னால் எட்டு, பின்னால் எட்டு, மொத்தம் பதினாறு. இது என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. ஏனென்றால் ஜி41 போர்டுக்கு ராம் தேடுபவர்களுக்குக் கடைத்தெருவில் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை, பதினாறு சிப் உள்ள 4 ஜிபி வாங்கு, எட்டு சிப் உள்ளதை வாங்காதே என்பதுதான். அந்த அறிவுரைப்படி பார்த்தால் இது வேலை செய்திருக்க வேண்டும்.

டார்ச்சைச் சாய்த்து அடித்து, மொபைல் கேமராவில் பெரிதாக்கிச் சிப்பின் மேலுள்ள எழுத்தைப் படித்தேன். கே4பி2ஜி0446 என்று தொடங்கியது. விடை அதில் இருக்கிறது. சாம்சங்கின் கே4பி வரிசையில் 2ஜி என்பது ஒரு சிப்பின் கொள்ளளவு, அதாவது 2 கிகாபிட். அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் சிப்பின் அகலம், அதாவது அது ஒரே நேரத்தில் தரும் பிட் எண்ணிக்கை. டெஸ்க்டாப் ஸ்டிக்கில் வழக்கமாக வருவது 08, ஆகவே கே4பி2ஜி0846. இங்கே இருந்தது 04.

ஊகம் உறுதியாக வேண்டுமே. கடையில் பழைய ஏஎம்டி சிஸ்டம் ஒன்று, அத்லான் 2 எக்ஸ்2, ஏஎம்3 போர்டு, சோதனைக்காகவே கிடக்கிறது. அதில் அந்த ஸ்டிக்கைப் போட்டதும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. 4 ஜிபி முழுதாகக் காட்டியது. லினக்ஸ் பென்டிரைவ் போட்டு, ஸ்டிக்கிலுள்ள எஸ்பிடி என்ற சின்னக் குறிப்புச் சிப்பை டிகோட்-டிம்ஸ் கட்டளையால் படித்தேன். ரேங்க் 1, சிப் அகலம் 4 பிட். விற்றவர் எஸ்பிடியில் ஒளிக்கவில்லை. ஆர்டர் பக்கத்தையும் ஸ்டிக் வாங்கிய தம்பி, முதலாளியின் அக்கா மகன், காட்டினார். படங்கள், நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் கீழே, விரலால் நிறையத் தள்ளிய பிறகு, ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று ஒரு வரி இருந்தது.

பதினாறு சிப், இரண்டு கணக்கு

மெமரி ஸ்டிக் பிராசஸரோடு ஒரே நேரத்தில் 64 பிட் அகலத்தில் பேசுகிறது. அந்த 64-ஐச் சிப்புகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 8 பிட் அகலச் சிப் என்றால் எட்டுச் சிப் சேர்ந்தால் 64. அந்த எட்டும் ஒரு ரேங்க். 2 கிகாபிட் சிப் எட்டு சேர்ந்தால் 2 ஜிபி. அதே மாதிரி இன்னொரு எட்டைப் பின்பக்கம் வைத்தால் இரண்டு ரேங்க், 4 ஜிபி. இதுதான் 2ஆர்எக்ஸ்8, இதுதான் ஜி41-க்கு உகந்த பதினாறு சிப் ஸ்டிக்.

4 பிட் அகலச் சிப் என்றால் 64-க்குப் பதினாறு சிப் வேண்டும். பதினாறும் சேர்ந்து ஒரே ரேங்க். 2 கிகாபிட் பதினாறு, அதுவும் 4 ஜிபி. இது 1ஆர்எக்ஸ்4. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எண்ணிக்கை ஒன்று, கொள்ளளவு ஒன்று, பலகை ஒன்று. ஸ்டிக்கரில் விவரம் இல்லாவிட்டால், சிப்பின் மேல் எழுதியதைப் படிக்காமல் கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

வேறுபாடு முகவரியில். டிடிஆர்3 சிப்புக்குள் தரவு வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையிலும் பல இருக்கையாக அடுக்கியிருக்கிறது. தியேட்டர் டிக்கெட்டில் வரிசைக்கு இத்தனை எழுத்து, இருக்கைக்கு இத்தனை இலக்கம் என்று அச்சடித்துவிட்டால், இலக்கத்துக்கு மேல் இருக்கை இருந்தாலும் அங்கே ஆளை அனுப்ப முடியாது இல்லையா, அந்த மாதிரி. 2 கிகாபிட், 8 பிட் சிப்புக்கு வரிசை முகவரி 15 பிட், இருக்கை முகவரி 10 பிட். அதே 2 கிகாபிட், 4 பிட் சிப்புக்கு வரிசை 15, இருக்கை 11. இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் மெமரி கண்ட்ரோலர்களில் 4 பிட் சிப்புக்கு இடமே வைக்கவில்லை. அந்தக் காலத்து ஏஎம்டி கண்ட்ரோலர்களில் வைத்திருந்தார்கள். ஆகவேதான் ஒரே ஸ்டிக் ஏஎம்3 போர்டில் ஓடுகிறது. 2008-இன் ஜி41-இலும் ஓடவில்லை, அதற்குப் பல வருடம் பின்னால் வந்த, கணக்கு அறையின் நான்காம் தலைமுறை ஐ3-இலும் ஓடவில்லை. போர்டு புதிதா பழையதா என்பது இங்கே பேச்சே இல்லை.

4 பிட் சிப்புகளைப் பெரும்பாலும் சர்வர் மெமரிக்காகச் செய்கிறார்கள். அங்கே ஒரு சிப் முழுதாகப் பழுதானாலும் தரவைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அந்த அகலம் வசதி. டெஸ்க்டாப் பலகையில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்டால், கழித்துப் போட்ட சர்வர் ராமிலிருந்து கழற்றியது என்பார்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர்கள். விலை பாதியாக இருப்பதற்கு வேறு காரணம் எனக்கும் தோன்றவில்லை.

சரி, எட்டுச் சிப் உள்ள 4 ஜிபி ஸ்டிக்கை ஜி41 ஏன் மறுக்கிறது? அது தனிக் கதை, ஆனால் அதே முகவரிக் கதை. அதில் இருப்பவை 4 கிகாபிட் சிப்புகள். அவற்றுக்கு வரிசை முகவரி 16 பிட் வேண்டும். ஜி41-க்கு 15 பிட்தான் தெரியும். சில போர்டில் டிஸ்ப்ளே வராது, சில போர்டில் 4 ஜிபி ஸ்டிக் 2 ஜிபி என்று பாதியாகத் தெரியும். முதல் தலைமுறை கோர் ஐ வரிசைக்கும் இதே வரம்பு. இரண்டாம் தலைமுறை வந்த பிறகுதான் எட்டுச் சிப் 4 ஜிபி எல்லாப் போர்டிலும் சாதாரணமாக ஓட ஆரம்பித்தது. எச்81-க்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு மேல் வரம்பு உண்டு: 8 கிகாபிட் சிப் போட்ட 16 ஜிபி டிடிஆர்3 ஒற்றை ஸ்டிக்கை நான்காம் தலைமுறை ஏற்காது. எச்81-க்கு மொத்த வரம்பு 16 ஜிபி. அதை இரண்டு 8-ஆகத்தான் நிரப்ப வேண்டும்.

இந்த இடத்தில் முதலாளியின் நண்பர் ஒருவர், பெங்களூரில் சர்வர் ராம் 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் 240 கால்தான் என்று போனிலேயே ஆலோசனை சொன்னார். கால் எண்ணிக்கையும் ஒன்றுதான், வெட்டும் அதே இடம்தான், ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஓடாது. அப்படிக் கிடைக்கும் சர்வர் ராம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு மெமரி. அதில் முகவரிகள் நடுவில் உள்ள ரெஜிஸ்டர் சிப் வழியாகப் போகின்றன. சாதாரண டெஸ்க்டாப் போர்டு அப்படிப் பேசாது. ஸ்டிக்கரில் 10600ஆர், 12800ஆர் என்று எண்ணுக்குப் பின்னால் ஆர் வந்தால் சர்வர், யு வந்தால் டெஸ்க்டாப், எஸ் வந்தால் லேப்டாப் அளவு. வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பி இது ஆகுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்த ஓர் எழுத்தைத்தான்.

எடைமேடைக்கு என்ன போட்டோம்

கேட்கப்பட்டது 8 ஜிபி. போட்டது 4 ஜிபி.

ஜி41-இன் உச்ச வரம்பு 8 ஜிபி. உகந்த 2ஆர்எக்ஸ்8 ஸ்டிக் இரண்டைத் தேடிப் பிடித்தால் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு மேல் ஓடுவது விண்டோஸ் 7 32-பிட். அதற்குத் தெரிந்த மொத்த உலகம் 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் முகவரி ஒதுக்கியது போக மூன்று ஜிபிக்குச் சற்று மேல்தான் பயனுக்கு வரும். மிச்ச 4 ஜிபி அலங்காரம். 64-பிட்டுக்கு மாறினால் லாக் டிரைவர் கிடையாது, எடைச்சீட்டு கிடையாது. போர்டு எத்தனை தாங்கும் என்று மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் பாதிப் பணம் ஸ்லாட்டிலேயே தூங்கும்.

ஏற்கனவே உள்ளே இருந்த 2 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றிப் படித்தேன்: 1ஆர்எக்ஸ்8, எட்டுச் சிப், 2 கிகாபிட். அதே அமைப்பில் இன்னொரு 2 ஜிபி போட்டால் போதும். இந்தக் கொள்ளளவை இப்போது யாரும் சீந்துவதில்லை; செகண்ட்ஸ் ராம் டப்பாவைக் கிளறினால் கிடைக்கும். ஸ்டிக்கில் 1333 என்று எழுதியிருந்தது. இ7500-இன் பஸ் வேகம் 1066 என்பதால் மெமரியும் 1066-இலேயே ஓடும். அதிக வேக ஸ்டிக் குறைந்த வேகத்துக்கு இறங்கி வரும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தால்தான் கெடுதல். இரண்டும் ஒரே அளவாக அமைந்ததால், இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் பேசும் டூயல் சேனலும் வந்தது.

உண்மையில் அந்த சிஸ்டத்தைத் திணறடித்தது எடைச்சீட்டு மென்பொருள் அல்ல, பிரவுசர். கூழ் டிரம் ஏற்றிய லாரி கிளம்பும்போது ஈ-வே பில் போடுவதற்கு எடைமேடைப் பையன் அங்கேயே பிரவுசரைத் திறந்து வைத்திருந்தார். லாரி இல்லாத நேரத்தில் யூடியூபும் ஓடியிருக்கும், நான் கேட்கவில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அந்த சிஸ்டத்தில் ஜிஎஸ்டி கடவுச்சொல்லை அடிப்பதே தப்பு. நெட் கேபிளைக் கழற்றினோம். ஈ-வே பில் கணக்கு அறைக்குப் போயிற்று. எடைமேடை சிஸ்டம் இனி எடை மட்டும் பார்க்கும், சீட்டு மட்டும் அடிக்கும். ராமைவிட இந்த முடிவுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். முதலாளிக்கு முதலில் திருப்தியில்லை. "எட்டு கேட்டா நாலு போடறீங்களே தம்பி" என்றார். பில் தொகையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது.

கணக்கு அறையும் மேனேஜர் மேசையும்

எச்81-இல் இரண்டே ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி இருக்கிறது. இன்னொரு 4 போட்டு 8 ஆக்குவதா, 8 போட்டு 12 ஆக்குவதா? ஒரே அளவு ஜோடிதான் போட வேண்டும் என்பது பலரிடம் உறைந்துபோன நம்பிக்கை. இன்டெல் போர்டில் 4-உம் 8-உம் சேர்ந்து ஓடும். 4-க்கு 4 சமமாக உள்ள பகுதி டூயல் சேனலிலும், மிஞ்சிய 4 ஒற்றைச் சேனலிலும் போகும். டேலிக்கும் எக்செலுக்கும் அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. இடம் போதாமல் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த சிஸ்டத்துக்கு முதல் தேவை கொள்ளளவு. 8 ஜிபி போட்டேன். ஸ்டிக் பிசி3எல், அதாவது 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. பழைய ஸ்டிக் 1.5 வோல்ட். நான்காம் தலைமுறை டெஸ்க்டாப் இரண்டையும் ஏற்கும், 1.35 வோல்ட் ஸ்டிக் 1.5-இலும் ஓடும் என்பதால் சேர்ந்து போகும். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3 போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே இன்டெல் சொல்லியிருப்பது 1.35 வோல்ட் மட்டுமே. கையில் கிடக்கும் பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்கை அதில் செருகிப் பார்ப்பது நல்லதல்ல.

மேனேஜரின் மினியில் குறுகிய ஸ்டிக், லேப்டாப்பில் வருவது. நீளத்தில் டெஸ்க்டாப் ஸ்டிக்கில் ஏறக்குறைய பாதி. டெஸ்க்டாப் என்ற பெயரில் விற்றாலும் கையகலப் பெட்டிகளில் இதுதான் இருக்கும். திறந்து பார்க்காமல் ஆர்டர் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆறாம் தலைமுறை என்றதும் டிடிஆர்4 என்று முடிவு கட்டுவதும் ஆபத்து: டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் 3040-உம் 5040-உம் டிடிஆர்3எல், அதே தலைமுறையின் 7040 டிடிஆர்4. இந்த ஆலையில் இருந்தது டிடிஆர்4, 4 ஜிபி, 2133. கூடவே, வேறு சிஸ்டத்திலிருந்து கழற்றி விற்ற பழைய 8 ஜிபி ஸ்டிக் ஒன்று, 2666, போட்டேன். பிராசஸர் 2133-க்கு மேல் போகாது, ஆகவே அதுவும் 2133-இல் ஓடுகிறது. புது ஸ்டிக் வாங்காததற்குக் காரணம் விலை. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து, 2025-இன் பிற்பாதியில், ராம் விலை ஏறிய ஏற்றம் எல்லாரும் பார்த்தது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குரூசியல் சில்லறை வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ஆதரவுப் பட்டியலில் வராத ஆறாம் தலைமுறைப் பெட்டிக்கு அந்த விலையில் புது ராம் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சோதனை

டிஸ்ப்ளே வந்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். செகண்ட்ஸ் ராமில் அது ஆகாது. டிஸ்ப்ளே வரும், விண்டோஸ் வரும், நான்கு நாள் கழித்து டேலி கோப்பு கெட்டுப்போகும். மூன்று சிஸ்டத்திலும் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு இரவெல்லாம் விட்டோம். கணக்கு அறையிலும் மேனேஜர் மேசையிலும் பிழையில்லை.

எடைமேடையில் மட்டும் முதல் ராத்திரி பிழையின்றி ஓடியதை நான் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ராத்திரியில் குளிர்ந்திருக்கும் சிப் பகல் இரண்டு மணிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி. லாரி இல்லாத ஒரு மதியத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் சுத்தம். விண்டோஸில் மொத்தம் 4 ஜிபி, பயன்படக்கூடியது 3 ஜிபிக்கு மேல் என்று காட்டியது. இந்த வரியைப் பார்த்துவிட்டு ராம் ஏமாற்று என்று போன் பண்ணுகிறவர்கள் உண்டு என்பதால் பையனுக்கு அப்போதே விளக்கிவிட்டேன். 64-பிட் சிஸ்டத்திலும் பயன்படக்கூடியது மிகக் குறைவாகக் காட்டினால் இரண்டு இடம் பார்க்கலாம்: விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் மெமரி உச்ச வரம்பு என்ற பெட்டியில் யாராவது டிக் வைத்திருக்கிறார்களா; விண்டோஸ் 7 ஹோம் பேசிக் ஆக இருந்தால் அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பே 8 ஜிபி.

கணக்கு அறையில் டேலி, பிரவுசர், எக்செல் மூன்றும் திறந்திருக்கையில் மெமரி பாதிக்குச் சற்று மேல் நிற்கிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது விட்டது. ஆனால் காலையில் ஆன் செய்தால் எழுந்திருக்க எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. அது பழைய ஹார்டு டிஸ்கின் வேகம், ராம் அதைத் தொடாது. எஸ்எஸ்டிக்கு முதலாளி சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

பாக்கி

ஆன்லைன் ஸ்டிக் இரண்டையும் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. என் கடைக்கு வரும், ஏஎம்3 சிஸ்டம் வைத்திருக்கும் ஒரு டிடிபி சென்டர்க்காரர் அவற்றை எடுத்துக்கொண்டார்; எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன், பின்னாளில் அவர் வேறு யாருக்காவது விற்றால் இதே கதை திரும்பாமல் இருக்க. தம்பிக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது.

மூன்று கேபினெட்டின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது, ரேங்க், சிப் எண், அடுத்து வாங்கினால் எதை வாங்கலாம் என்று. எடைமேடை சிஸ்டத்தின் தாளில் இரண்டு வரி அதிகம்: எட்டுச் சிப் 4 ஜிபி கூடாது, கே4பி2ஜி04 என்றோ எச்5டிகியூ2ஜி4 என்றோ சிப்பில் தொடங்கினால் கூடாது. இரண்டாவது எண் ஹைனிக்ஸுடையது. அதில் 2ஜிக்குப் பிறகு 8 வந்தால் 8 பிட், 4 வந்தால் 4 பிட். மைக்ரான் சிப்பில் டி9 என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடுதான் இருக்கும், அதை அவர்கள் தளத்தில் போட்டுத்தான் முழு எண்ணை எடுக்க வேண்டும்.

இனி உள்ள கவலை ராம் பற்றியதல்ல. அந்த ஜி41 போர்டு ஒருநாள் நிற்கும். அதற்குள் இண்டிகேட்டரோடு பேசும் 64-பிட் மென்பொருள் ஒன்றைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்; ஓசூரில் எடைமேடை சர்வீஸ் பார்க்கிறவர் ஒருவரிடம் முதலாளி பேசிக்கொண்டிருக்கிறார். புது சிஸ்டம் வாங்கும்போது பின்னால் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் போர்டில் அதற்கான பின்களாவது உண்டா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுப்பதாகவும் தம்பி சொல்லியிருக்கிறார்.